ஜிஆர்இ குவான்ட்: 1100 கணக்கு போட்டாச்சு, 157-ஐ தாண்ட மாட்டேங்குது

தாமிரபரணி_தம்பி

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க. நான் மெக்கானிக்கல் முடிச்சிட்டு மூணு வருஷமா ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனில குவாலிட்டில இருக்கேன், ஷிஃப்ட் வேலை. எம்எஸ் படிக்கணும்னு ரொம்ப நாள் ஆசை, அதுக்கான நுழைவுத் தேர்வு ஜிஆர்இக்கு டேட் புக் பண்ணிட்டேன், இன்னும் ஏழு வாரம் இருக்கு. அஞ்சு மாசமா ஷிஃப்ட் முடிஞ்சு ரூமுக்கு வந்ததும் குளிச்சு சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் குவான்ட், அதாவது அதுல வர்ற கணக்குப் பகுதி, போடுறேன். எத்தனை போட்டேன்னு ஒரு நோட்ல எழுதிட்டே வர்றேன், போன ஞாயித்துக்கிழமையோட 1100 தாண்டிருச்சு. ஆனா முதல் மாக் டெஸ்ட்ல 156, ரெண்டாவதுல 158, போன வாரம் 157. நான் அப்ளை பண்ண நினைக்கிற இடத்துக்கெல்லாம் 163, 164 ஆவது வேணும்னு சீனியர் ஒருத்தர் சொன்னார்.

நான் பண்றது இதுதான். 20 கணக்கு போடுவேன், ஆன்சர் பாப்பேன், தப்பானதுக்கு எக்ஸ்பிளனேஷன் படிப்பேன், படிச்ச உடனே புரிஞ்சிரும், சரின்னு அடுத்த 20-க்கு போயிருவேன். புரியாத கணக்குன்னு ஒண்ணுமே இல்ல, அதான் எனக்கு பயமா இருக்கு, புரியாம தப்பு பண்ணா படிச்சுக்கலாம், புரிஞ்சும் தப்பு பண்றத என்ன பண்றது?

போன வாரம் தப்பு பண்ணதுல அஞ்சு கீழ போடுறேன். எண்ணெல்லாம் மாத்தி எழுதிருக்கேன், மாடல் அதேதான். ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், அதையும் சொல்லிடுறேன்.

1) எக்ஸ் ஒரு இன்டிஜர். எக்ஸ் ஸ்கொயர் 10-ஐ விட சின்னது. எக்ஸுக்கு எத்தனை மதிப்பு இருக்கலாம்? நான் போட்டது 4. விடை 7.

2) 4 ஆண், 5 பெண். இதுல 3 பேர் கொண்ட குழு, குறைஞ்சது ஒரு ஆணாவது இருக்கணும். எத்தனை விதம்? நான் போட்டது 112. விடை 74.

3) அஞ்சு வெவ்வேற பாசிட்டிவ் இன்டிஜர், சராசரி 12, மீடியன் (வரிசையா வச்சா நடுவுல வர்ற எண்) 14. பெரிய எண் அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம்? நான் போட்டது 30. விடை 28.

4) எக்ஸ் ஒய்-ஐ விட சின்னது, ஒய் 0-ஐ விட சின்னது. அளவு ஏ: எக்ஸ் ÷ ஒய். அளவு பி: ஒய் ÷ எக்ஸ். எது பெருசு? நான் டி-ன்னு போட்டேன், அதாவது சொல்ல முடியாதுன்னு. விடை ஏ.

5) என்-ஐ 12-ஆல வகுத்தா மீதி 7. கண்டிப்பா உண்மையா இருக்கறத எல்லாம் டிக் பண்ணணும்: 4-ஆல வகுத்தா மீதி 3, 6-ஆல வகுத்தா மீதி 1, 8-ஆல வகுத்தா மீதி 7. நான் மூணையும் டிக் பண்ணேன். விடை முதல் ரெண்டு மட்டும்.

இன்னும் ஆயிரம் கணக்கு போடணுமா, இல்ல வேற ஏதாவது மாத்தணுமா? எக்ஸாம் எழுதினவங்க யாராவது சொல்லுங்க, ப்ளீஸ்.

நெல்லிக்காய்

ப்ரோ, நான் போன வருஷம் எழுதினேன். முதல்ல ஒண்ணு கேக்குறேன், நீங்க போட்ட மாக் எங்க இருந்து எடுத்தது? ஒரு செக்‌ஷன்ல 20 கேள்வி 35 நிமிஷம்னு இருந்தா அது பழைய பேட்டர்ன். 2023 செப்டம்பர்ல இருந்து எக்ஸாமே சின்னதாயிருச்சு, மொத்தமே 1 மணி 58 நிமிஷம்தான். குவான்ட் முதல் செக்‌ஷன் 12 கேள்வி 21 நிமிஷம், ரெண்டாவது 15 கேள்வி 26 நிமிஷம். ஒரு கேள்விக்கு கிடைக்கிற நேரம்னு பாத்தா பழசும் புதுசும் ஏறக்குறைய ஒண்ணுதான், ஒண்ணே முக்கால் நிமிஷம். அதனால பழைய புக்குல இருக்கற கணக்க தாராளமா போடலாம், அது வீணாகாது, ஆனா முன்னாடி 40 கேள்வில சிதறின மார்க் இப்போ 27 கேள்வில இருக்கு, கவனக்குறைவா விடுற ஒவ்வொண்ணும் முன்னைய விட கனமா அடிக்கும்.

பவர்ப்ரெப்ல இடிஎஸ் ரெண்டு டெஸ்ட் ஃப்ரீயா தர்றாங்க, அதை போட்டாச்சா? போடலன்னா அவசரப்பட்டு போட்டுறாதீங்க. எக்ஸாமை நடத்துறவங்களே குடுக்குற டெஸ்ட் அது, உங்க உண்மையான நிலவரம் அதுலதான் தெரியும், மத்த கம்பெனி மாக்ல வர்ற ஸ்கோர் ஏறத்தாழத்தான் இருக்கும். 157-ங்கறத ரொம்ப மனசுல போட்டுக்காதீங்க.

தமிழ்வழி_சரவணன்

தம்பி, உங்க முதல் கணக்க பாத்ததும் எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு, ஏன்னா அச்சு அசல் அதே தப்ப நான் நாலு மாசம் பண்ணிட்டு இருந்தேன். நானும் தமிழ் மீடியம்தான். இன்டிஜர்னு பாத்ததும் உங்க மனசுல என்ன வார்த்தை வருது? முழு எண்ணு வருதா? அங்கதான் சிக்கல். நம்ம பாடபுத்தகத்துல முழு எண்கள்னா 0, 1, 2, 3 அப்படின்னு போறது, அதுல நெகட்டிவ் கிடையாது. இன்டிஜருக்கு நம்ம புத்தகத்துல இருக்கற வார்த்தை முழுக்கள். அதுலதான் மைனஸ் 1, மைனஸ் 2 எல்லாம் வரும். ரெண்டும் காதுல ஒரே மாதிரி கேக்குது, ஏழாவது எட்டாவதுல படிச்சதோட அதை விட்டுட்டோம், இப்போ இங்கிலீஷ்ல இன்டிஜர்னு படிக்கும்போது மண்டைக்குள்ள தானா முழு எண்ணுன்னு மாறி பாதி எண்கள் காணாம போயிருது.

நீங்க 4-ன்னு எப்படி போட்டீங்கன்னு நான் சொல்லவா, 0, 1, 2, 3. சரியா? மைனஸ் 1, மைனஸ் 2, மைனஸ் 3 மூணும் விட்டுப்போச்சு. சேத்தா 7.

இதுக்கு நான் பண்ணது, ஒரு சார்ட் பேப்பர் வாங்கி இந்த மாதிரி வார்த்தைகளை தமிழ்ல எழுதி சுவத்துல ஒட்டினேன். இன்டிஜர்னா முழுக்கள், பக்கத்துலயே பெருசா மைனஸ் குறி. ப்ரைம்னா பகா எண், 2-ல ஆரம்பிக்கும், 1 கிடையாது. டிஸ்டிங்க்ட்னா வெவ்வேற, ஒரே எண் ரெண்டு தடவை வரக்கூடாது. இன்க்ளூசிவ்னா ரெண்டு முனையும் சேத்து. கான்செக்யூடிவ்னா அடுத்தடுத்த. நான்நெகட்டிவ்னா பூஜ்யமும் உள்ள, பாசிட்டிவ்னா பூஜ்யம் வெளிய. நம்பர்னு மட்டும் சொல்லி வேற ஒண்ணும் சொல்லலன்னா மெய்யெண், அதாவது பின்னம், தசமம், மைனஸ், பூஜ்யம், ரூட் 2 எல்லாமே வரலாம். மொத்தம் இருபது வார்த்தைதான் தேறும். வெர்பலுக்கு, அதாவது இங்கிலீஷ் பகுதிக்கு, ஆயிரம் வார்த்தை மனப்பாடம் பண்றோம், குவான்ட்டுக்கு இந்த இருபது வார்த்தைய யாரும் சொல்லித்தர மாட்டேங்கறாங்க, தமிழ் மீடியத்துல இருந்து வர்ற பிள்ளைங்களுக்கு இதை முதல் நாளே சொல்லணும்.

உங்க மூணாவது கணக்கும் இதே கதைதான்னு நினைக்கிறேன். 1, 1, 14, 14, 30-ன்னு எடுத்தீங்களா?

கணக்கு_டீச்சர்_கோவை

தம்பி, நான் இருபது வருஷமா கணக்கு சொல்லிக்கொடுக்கறேனுங்க, ஜிஆர்இ பசங்களுக்கு ஆறு வருஷமா. உன் போஸ்ட்ல ஒரு வரி என்னை நிறுத்திருச்சு. எக்ஸ்பிளனேஷன் படிச்ச உடனே புரிஞ்சிருதுன்னு சொல்றே பாரு, அதுதான் உன்னை 157-ல பிடிச்சு வச்சிருக்கு.

எக்ஸ்பிளனேஷன்ல என்ன இருக்கும்? 74 எப்படி வந்துச்சுன்னு இருக்கும். 112 எப்படி வந்துச்சுன்னு அதுல இருக்காது, ஏன்னா புக் எழுதினவருக்கு நீ 112 போட்டது தெரியாது. 74-க்கு போற வழி உனக்கு ஏற்கனவே தெரியும்தான், அதனாலதான் படிச்சதும் புரியுது. ஆனா எக்ஸாம் ஹால்ல உன் கை தானா 112-க்கு போற வழியத்தான் பிடிக்கும், அந்த வழிய நீ ஒரு தடவ கூட திரும்பி பாத்ததில்லயே.

வா, பாக்கலாம். உன் 112 வந்தது 4 பெருக்கல் 28-ல இருந்துதானே? முதல்ல 4 ஆண்ல ஒருத்தர எடுத்து உக்கார வச்சிட்டா ஆண் கண்டிஷன் முடிஞ்சுது, மீதி 8 பேர்ல யார் வேணா 2 பேர், அது 28. கேக்க ரொம்ப நியாயமா இருக்கு, பாதி கிளாஸ் இப்படித்தான் போடும். இப்போ ஒரு குழுவ மட்டும் எடுத்துக்கோ: முருகன், செல்வம், லட்சுமி. உன் முறைல முருகன முதல் ஆளா எடுத்து, மீதி ரெண்டு பேரா செல்வம், லட்சுமி வந்தா இந்த குழு ஒரு தடவ எண்ணப்படுது. செல்வத்த முதல் ஆளா எடுத்து, மீதியா முருகன், லட்சுமி வந்தாலும் அதே குழுதான், ரெண்டாவது தடவ எண்ணிட்டே. மூணு பேரும் ஆண்னா மூணு தடவ எண்ணிருப்பே.

சும்மா சொல்லல, கணக்கு போட்டே பாரு. ஒரே ஒரு ஆண் இருக்கற குழு: 4 பெருக்கல் 10, 40. ரெண்டு ஆண்: 6 பெருக்கல் 5, 30. மூணு ஆண்: 4. கூட்டினா 74, அதுதான் சரியான விடை. இப்போ ரெண்டு ஆண் குழுவ ரெண்டு தடவையும் மூணு ஆண் குழுவ மூணு தடவையும் எண்ணு: 40, 60, 12. கூட்டு. 112. உன் தப்பு எங்கயோ ஆகாசத்துல இருந்து வரல, இம்மி பிசகாம கணக்கா வந்திருக்கு பாத்தியா. இதை ஒரு தடவ உன் கையால போட்டுட்டேன்னா இனிமே குறைஞ்சது ஒண்ணுன்னு பாத்த உடனே மொத்தத்துல இருந்து ஒண்ணுமே இல்லாதத கழிக்க உன் கை தானா போகும், 9 பேர்ல 3 பேர எடுக்கறது மொத்தம் 84, அதுல ஆணே இல்லாதது 10, கழிச்சா 74, பத்து செகண்டு வேலை. ஃபார்முலாவா மனப்பாடம் பண்ணா ஒரு வாரத்துல மறந்துரும், ஏன் 112 தப்புன்னு தெரிஞ்சா மறக்காது.

மூணாவதுக்கு சரவணன் தம்பி சொன்னது சரிதான். மொத்தம் 60. பெரிய எண் பெருசாகணும்னா மத்ததெல்லாம் எவ்வளவு சின்னதா முடியுமோ அவ்வளவு சின்னதாகணும், அந்த யோசனை உனக்கு சரியா வந்திருக்கு. வெவ்வேறங்கற ஒரு வார்த்தைய மட்டும் விட்டுட்டே. 1, 2, 14, 15, அப்புறம் 60-ல 32 போக 28. உனக்கு கணக்கு தெரியாமப் போனதில்ல இது, படிச்ச வார்த்தை பேப்பருக்கு வரல. கேள்வி படிக்கும்போதே அந்த மாதிரி வார்த்தைகள ரஃப் ஷீட்ல எழுதற பழக்கம் வேணும், ஸ்கிரீன்ல அடிக்கோடு போட முடியாதில்ல.

அதனால அடுத்த ரெண்டு வாரம் புதுக்கணக்கே போடாதே. பழைய நோட்ட எடு, தப்பானத மட்டும் எடு, எக்ஸ்பிளனேஷன மூடி வச்சிட்டு மறுபடி போடு. திரும்ப தப்பாச்சுன்னா உன் விடை எந்த வழில வந்துச்சுன்னு ஒரு வரி எழுது. அந்த ஒரு வரி எழுத முடியலன்னா அந்த கணக்கு இன்னும் முடியலன்னு அர்த்தம். ஒரு நாளைக்கு ஆறு கணக்கு இப்படி பண்ணாலே போதும்.

கடற்கரை_காத்து

டீச்சர் சொன்னது எல்லாம் சரி, ஆனா புதுக்கணக்கே வேணாம்கறத நான் ஒத்துக்க மாட்டேன். ஏழு வாரம்தான் இருக்கு. நான் வீட்ல உக்காந்து நிதானமா போட்டா 90% சரியா வரும், ஹால்ல போய் 21 நிமிஷத்துக்கு 12 கேள்வின்னு கடிகாரம் ஓட ஆரம்பிச்சதும் கை நடுங்கி ஆறாவது கேள்விலயே நாலரை நிமிஷம் மாட்டிக்கிட்டேன். முதல் தடவ எனக்கு 159 தான் வந்துச்சு. முதல் செக்‌ஷன்ல எப்படி பண்றோமோ அதை வச்சுத்தான் ரெண்டாவது செக்‌ஷன் கஷ்டமா வருமா ஈசியா வருமான்னு முடிவாகுது, அதனால முதல் 12-ல சொதப்பினா மேல ஏற்றது ரொம்ப கஷ்டம்.

ஒரே செக்‌ஷனுக்குள்ள முன்ன பின்ன போகலாம், மார்க் பண்ணி வச்சிட்டு அப்புறம் வரலாம், தப்பு பண்ணா மைனஸ் மார்க்கும் கிடையாது. இதெல்லாம் தெரிஞ்சும் நான் ஒரே கணக்கோட மல்லுக்கட்டிட்டு இருந்தேன், ஏன்னா பிராக்டிஸ்ல ஒரு கணக்க பாதில விட்டுட்டு அடுத்ததுக்கு போற பழக்கமே எனக்கு இல்ல. விடறதுக்கும் பழகணும். ரெண்டு நிமிஷம் தாண்டுச்சா, ஏதோ ஒண்ண டிக் பண்ணு, மார்க் போடு, போய்ட்டே இரு. ரெண்டாவது அட்டெம்ப்ட்டுக்கு நான் வாரத்துக்கு மூணு நாள் 12 கேள்விய 21 நிமிஷத்துல போட்டேன், வேற ஒண்ணும் பெருசா மாத்தல, 165 வந்துச்சு. 21 நாள் இடைவெளி விட்டு திரும்ப எழுதலாம், ஆனா ஃபீஸ் கொஞ்ச நஞ்சமில்ல, ஷிஃப்ட்ல சம்பாதிச்ச காசு, ஒரே தடவைல முடிக்கறதுதான் நல்லது.

கணக்கு_டீச்சர்_கோவை

நீங்க சொல்றது நியாயம்தானுங்க, நேரம் வச்சு போடாம போனா ஹால்ல திணறுவாங்க. ஆனா தம்பி போட்டிருக்கற அஞ்சு கணக்க பாருங்க, ஒண்ணாவது நேரம் பத்தாம தப்பானதா? அஞ்சும் ஒரு நிமிஷத்துல முடிஞ்சு நம்பிக்கையா டிக் பண்ண தப்பு. இவருக்கு கடிகாரம் வச்சா இதே தப்ப இன்னும் வேகமா பண்ணுவார். ரெண்டு வாரம் நான் சொன்னத பண்ணட்டும், மூணாவது வாரத்துல இருந்து நீங்க சொல்ற 12-க்கு 21 சேத்துக்கட்டும். ரெண்டுமே வேணும், எது முதல்லங்கறதுதான் பேச்சு.

தாமிரபரணி_தம்பி

டீச்சர், சரவணன் அண்ணா, எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து படிச்சேன், தூக்கமே போயிருச்சு. அண்ணா நீங்க சொன்ன மாதிரியேதான் 0, 1, 2, 3-ன்னு எண்ணிருக்கேன், 1, 1, 14, 14, 30-ம் அப்படியேதான். முழு எண், முழுக்கள் விஷயம் எனக்கு இது வரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல. நான் சேந்த கோச்சிங் சென்டர்ல 300 பக்கத்துக்கு ஃபார்முலா குடுத்தாங்க, இந்த ஒரு வார்த்தை அதுல இல்ல.

அஞ்சாவது கணக்க நானே உக்காந்து என் தப்பு எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்தேன். 12-ஆல வகுத்தா மீதி 7-ன்னதும் நான் 7-ஐ மட்டும் போட்டு பாத்திருக்கேன். 7-ஐ 4-ஆல வகுத்தா மீதி 3, 6-ஆல 1, 8-ஆல 7, மூணும் சரியா வந்துச்சு, டிக் பண்ணிட்டேன். அடுத்த எண் 19-ஐ போட்டிருந்தா 8-ஆல வகுத்தா மீதி 3 தான் வருது, அங்கயே மூணாவது செத்துருக்கும். அப்புறம் ஏன்னு யோசிச்சேன், 12-ஐ 4-ம் 6-ம் மீதி இல்லாம வகுக்குது, 8 வகுக்கல, அதனால ஒவ்வொரு 12 கூடும்போதும் 8-க்கு மீதி மாறிட்டே இருக்கு. டீச்சர், இது சரியா?

நாலாவது மட்டும் இன்னும் பிடிபடல. நெகட்டிவ் வந்தாலே ஏதோ மாறும், சொல்ல முடியாதுன்னு டி போட்டுருவேன், பல தடவ சரியாவும் வந்திருக்கு.

கணக்கு_டீச்சர்_கோவை

அஞ்சாவது ரொம்ப சரி. கண்டிப்பா உண்மைன்னு கேட்டா ஒரு எண் போட்டு பாத்து ஆமான்னு சொல்லக் கூடாது, ஆனா ஒரு எண் போட்டு பாத்து இல்லன்னு தாராளமா சொல்லலாம். அந்த மாதிரி கேள்வில எல்லாத்தையும் சரியா டிக் பண்ணாத்தான் மார்க், பாதிக்கு பாதி கிடையாது.

இப்போ நாலாவது. டி-ங்கறத தெரியலங்கற பதிலா நினைக்கிறே, அதுதான் கோளாறு. டி-ன்னு சொல்றதுக்கும் சாட்சி வேணும் தம்பி. ஒரு ஜோடி எண் எடுத்தா ஏ பெருசா வரணும், இன்னொரு ஜோடி எடுத்தா பி பெருசா வரணும், இல்ல சமமா வரணும். ரெண்டு சாட்சிய ரஃப் ஷீட்ல எழுதாம டி-ய தொடாதே.

மைனஸ் 4, மைனஸ் 2 போட்டு பாரு, ஏ 2, பி அரை. மைனஸ் 1, மைனஸ் அரை போடு, அதுவும் 2-ம் அரையும்தான். மைனஸ் 100, மைனஸ் 99 போடு, ஏ 1-ஐ விட துளி பெருசு, பி 1-ஐ விட துளி சின்னது. ரெண்டாவது சாட்சி கிடைக்க மாட்டேங்குதில்ல? அப்போ ஏன் கிடைக்கலன்னு யோசி. மைனஸ மைனஸால வகுத்தா ரெண்டு பக்கமும் பாசிட்டிவ். எக்ஸ் சின்னதுன்னா நெகட்டிவ் பக்கத்துல பூஜ்யத்துல இருந்து அதிக தூரத்துல இருக்குன்னு அர்த்தம். தூரமா இருக்கறத கிட்ட இருக்கறதால வகுத்தா 1-க்கு மேல, தலைகீழா வகுத்தா 1-க்கு கீழ. எப்பவுமே ஏ தான்.

இதோட ஒப்பிட்டு பாக்க இன்னொண்ணு தர்றேன். எக்ஸ் பூஜ்யம் இல்ல, அளவு ஏ எக்ஸ் ஸ்கொயர், அளவு பி எக்ஸ் க்யூப். 2 போட்டா 4, 8, பி பெருசு. அரை போட்டா கால், அரைக்கால், ஏ பெருசு. ரெண்டு சாட்சி வந்தாச்சு, டி, முடிஞ்சுது, மேல ஒரு எண்ணும் போட வேணாம். நான் பசங்கள போட்டு பாக்கச் சொல்றது 2, 1, 0, அரை, மைனஸ் அரை, மைனஸ் 2, கேள்வி எதையெல்லாம் அனுமதிக்குதோ அதை மட்டும். அப்புறம் ரெண்டு பக்கமும் எழுத்தே இல்லாம வெறும் எண்ணா இருந்தா டி வரவே வராது, எண்ணுக்கு ஒரே மதிப்புதானே.

நெல்லிக்காய்

இதோட சேத்து ஒண்ணு சொல்லிக்கிறேன், நான் இதுல அடி வாங்கினவன். ஜியோமெட்ரி படத்த கண்ணால பாத்து இது செங்கோணம் மாதிரி இருக்கு, இந்த பக்கம் நீளமா இருக்குன்னு முடிவு பண்ணாதீங்க, அந்தப் படம் அளவோட வரைஞ்சதா இருக்கணும்னு கட்டாயம் இல்லன்னு அவங்களே சொல்லிடறாங்க. ஆனா கிராஃப், சார்ட், எக்ஸ் ஒய் அச்சு போட்ட படமெல்லாம் அளவோடதான் இருக்கும், அதுல கண்ணால பாத்து தோராயமா எடுக்கலாம், நேரம் நிறைய மிச்சமாகும். நான் ரெண்டையும் ஒண்ணா நினைச்சு டேட்டா கேள்வில கூட எல்லாத்தையும் கால்குலேட்டர்ல தட்டிட்டு இருந்தேன். இடிஎஸ் வெப்சைட்ல மேத் ரிவ்யூன்னு ஒரு பிடிஎஃப் ஃப்ரீயா இருக்கு, அதையும் மேத் கன்வென்ஷன்ஸையும் ஒரு தடவ முழுசா படிச்சிருங்க.

தாமிரபரணி_தம்பி

மூணு வாரம் கழிச்சு வர்றேன். டீச்சர் சொன்னபடி புதுக்கணக்க நிறுத்திட்டு பழைய நோட்ட எடுத்தேன். தப்பான கணக்குல 90 மறுபடி போட்டேன், அதுல 41 திரும்பவும் தப்பு. எக்ஸ்பிளனேஷன் படிச்சு புரிஞ்சிருச்சுன்னு நான் டிக் போட்டு வச்ச கணக்குங்க அதெல்லாம், பாத்ததும் வயித்த கலக்கிருச்சு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி எழுதினேன். 17 கேள்வில ஒரு வார்த்தைய விட்டது, 11 ஒரே எண்ண போட்டு பாத்து முடிவு பண்ணது, 8 ஒரே ஆள ரெண்டு தடவ எண்ணினது. நிஜமாவே பாடம் தெரியாம போனது அஞ்சே அஞ்சு, அதுல நாலு ஸ்டாண்டர்ட் டீவியேஷன். அந்த அஞ்சுக்காக நான் ஆயிரத்து சொச்சம் கணக்கு போட்டிருக்கேன்.

இந்த வாரத்துல இருந்து 12-க்கு 21 நிமிஷம் ஆரம்பிச்சிட்டேன். ரெண்டு நிமிஷத்துல விட்டுட்டு போறது ஆரம்பத்துல மனசே வரல, இப்போ பரவால்ல. நேத்து பவர்ப்ரெப் முதல் டெஸ்ட் போட்டேன், குவான்ட் 161.

நேத்து ஒரு கணக்கு வந்துச்சு, இங்க போடணும்னு தோணுச்சு. ஒரு காசை 5 தடவ சுண்டுறோம், குறைஞ்சது 2 தலை விழற விதம் எத்தனை? என் கை பழைய வழிக்கேதான் போச்சு. 5-ல 2 இடத்த தலைக்கு ஒதுக்கிட்டா 10 விதம், மீதி 3 இடம் எது வேணா, 8. பத்தெட்டு 80-ன்னு எழுதிட்டேன். எழுதின உடனே நிறுத்தினேன், ஏன்னா 5 தடவ சுண்டினா மொத்தமே 32 விதம்தானே இருக்கு, 80 எப்படி வரும்? அப்புறம் 32-ல தலையே இல்லாதது 1, ஒரு தலை 5, கழிச்சா 26-ன்னு போட்டேன். ஆன்சர் பாக்கறதுக்கு முன்னாடி நானே பிடிச்ச முதல் தப்பு இது டீச்சர். 80 எங்க இருந்து வந்துச்சுன்னும் போட்டு பாத்தேன், 3 தலை விழுந்தத 3 தடவ, 4 தலை விழுந்தத 6 தடவ, 5 தலைய 10 தடவ எண்ணிருக்கேன். 10, 30, 30, 10, கூட்டினா 80.

கணக்கு_டீச்சர்_கோவை

அதேதான், ஒரு எண் கூட பிசகல. 80 மொத்தத்த விட பெருசுன்னு உனக்கு பட்டுச்சு பாரு, அதை எல்லா எண்ணிக்கை கணக்குலயும் கடைசியா ஒரு தடவ கேட்டுக்கோ, என் விடை மொத்தத்த தாண்டுதான்னு. ஆனா உன் குழு கணக்குல மொத்தம் 84, 112 அதையும் தாண்டித்தான் இருந்துச்சு, அன்னிக்கு நீயும் கவனிக்கல, உனக்கு விளக்கும்போது நானும் சொல்ல விட்டுட்டேன்.

ஸ்டாண்டர்ட் டீவியேஷனுக்கு ஃபார்முலா போட்டு கணக்கு பண்ற கேள்வி அபூர்வம்தான். எண்கள் சராசரில இருந்து எவ்வளவு தள்ளி சிதறிருக்குன்னு பாத்தா போதும். எல்லா எண்ணோடயும் 5 கூட்டினா சிதறல் மாறாது, எல்லாத்தையும் ரெண்டால பெருக்கினா சிதறலும் ரெண்டு மடங்காகும், எல்லா எண்ணும் ஒண்ணா இருந்தா பூஜ்யம். நம்ம புத்தகத்துல திட்ட விலக்கம்னு பத்தாவதுல படிச்சிருப்பே, அந்தப் பாடத்த ஒரு தடவ தமிழ்லயே படிச்சிட்டு அந்த நாலு கணக்கயும் மறுபடி போடு. பவர்ப்ரெப் ரெண்டாவது டெஸ்ட எக்ஸாமுக்கு ஒரு பத்து நாள் இருக்கும்போது எடு, நைட் ஷிஃப்ட் இல்லாத வாரமா பாத்து.